நான் அங்கே இல்லை

"என்ன கேமரா சார்?"

நல்ல படம் ஒன்றைக் காட்டிய எவரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பியிருக்க முடியாது. கேட்பவரிடம் துளியும் கெட்ட எண்ணம் இல்லை, பாராட்டாகத்தான் கேட்கிறார். அடுத்து "என்ன லென்ஸ்?" என்பார். அதற்கும் அடுத்தது விலை. விலை தெரிந்ததும் பேச்சு மாதத் தவணைக்குப் போய்விடும். படம் பாவம், கைபேசித் திரையில் மங்கி அணைந்து கிடக்கும்.

பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர்கள் கூடும் இடங்களில் வேறொரு வழக்கம் இருக்கிறது. அது கல்யாண மொய் மாதிரி. அவருடைய சூரிய உதயத்துக்கு நான் "அருமை" வைத்தால், என்னுடைய மீன்கொத்திக்கு அவர் "அபாரம்" வைக்க வேண்டும். நோட்டுப் போட்டு எழுதாவிட்டாலும் கணக்கு எல்லோர் மனதிலும் இருக்கிறது. நான் பெரிதாக வைத்த இடத்தில் அவர் குறைத்து வைத்தால் முகம் கோணும். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. வாரம் முழுக்க அலுவலகத்தில் திட்டு வாங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை கேமராவோடு கிளம்புகிற மனிதருக்கு இரண்டு நல்ல வார்த்தை கிடைப்பதில் என்ன தப்பு? தப்பே இல்லை. ஆனால் அவர் படம் அப்படியே நிற்கிறது. ஐந்து வருடம் கழித்துப் பார்த்தாலும் அதே மெரினா, அதே படகு, அதே ஆரஞ்சு நிறம்.

இந்தக் கூட்டத்துக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் விதிக்காரர். "அடிவானம் சாஞ்சிருக்கு. ஆள் நட்டநடுவுல நிக்கிறார், மூணுல ஒரு பங்குல வச்சிருக்கணும். ஐ.எஸ்.ஓ. ஏத்திட்டீங்க, நிழல்ல பொரிப்பொரியா இருக்கு." சொல்வதெல்லாம் பெரும்பாலும் உண்மை. புதிதாகக் கேமரா வாங்கியவருக்கு இப்படி ஒருவர் அமைவது பாக்கியம் என்றுகூடச் சொல்வேன். ஷட்டர் வேகம் போதாமல் கை நடுங்கிய படத்தைக் கை நடுங்கிய படம் என்று சொல்லத்தான் வேண்டும். அதைச் சொல்ல அரை நிமிடம் போதும். விதிக்காரரின் சிக்கல், அந்த அரை நிமிடத்துக்குப் பிறகும் அவரிடம் சொல்ல விதிகள் மட்டுமே மிச்சமிருப்பது.

அந்த மூன்றில் ஒரு பங்கு விதியை எடுத்துக்கொள்ளுங்கள். லண்டனைச் சேர்ந்த ஜான் தாமஸ் ஸ்மித் என்ற செதுக்கோவியர் 1797-இல் கிராமப்புறக் காட்சிகளை வரைவது பற்றி ஒரு நூல் எழுதினார். நிலக்காட்சியில் வானத்துக்கும் தரைக்கும் இடத்தை எப்படிப் பிரித்துக் கொடுக்கலாம் என்பதற்கு அவர் சொன்ன யோசனை அது. அப்போது புகைப்படம் என்ற ஒன்றே பிறக்கவில்லை. ஓவியருக்குச் சொன்ன யோசனை இன்றைக்கு ஒவ்வொரு கைபேசித் திரையிலும் நான்கு கோடுகளாக வந்து உட்கார்ந்துகொண்டு, கோட்டுக்கு வெளியே நிற்பவரைக் குற்றவாளியாக்குகிறது.

"வானம் வெளுத்துப்போச்சு" என்பது இன்னொரு நிரந்தரப் புகார். சென்னையைப் பொறுத்தவரை இது கேமராவோடு கப்பலில் வந்திறங்கிய புகார். லின்னேயஸ் ட்ரைப் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரி. படம் எடுப்பது அவருக்கு ஆசையாகத் தொடங்கிய வேலை. மைசூர்ப் பகுதிக் கோயில்களை அவர் எடுத்த படங்கள் 1855-இல் சென்னையில் நடந்த பொருட்காட்சியில் முதல் வகுப்புப் பதக்கம் பெற்றன. பின்னால் அரசின் புகைப்படக்காரராகி மதுரையையும் தஞ்சையையும் எடுத்தார். அந்தக் காலத்து நெகட்டிவ் நீல நிறத்துக்கு அளவுக்கு மீறி வசப்படும். வானம் வெறும் வெள்ளைத் தாளாக வந்துவிடும். ட்ரைப் என்ன செய்தார் தெரியுமா? நெகட்டிவின்மேல் கையாலேயே மேகம் தீட்டினார். அந்த மேகங்களையும் வரலாறு என்று நம்பித்தான் இன்று அருங்காட்சியகத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

விதிக்காரர்கள் சறுக்கிய கதைகள் நிறைய உண்டு. 1893 பிப்ரவரி 22, நியூயார்க். பனிப்புயலில் ஐந்தாம் அவென்யூவில் மூன்று மணி நேரம் காத்து நின்று, எதிரே வரும் குதிரைவண்டியை ஆல்ஃப்ரட் ஸ்டீக்லிட்ஸ் எடுத்தார். நெகட்டிவைத் தன் அமெச்சூர் நண்பர்களிடம் கொண்டுபோய்க் காட்டியபோது சிரித்தார்கள் என்று அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். தெளிவே இல்லை, தூக்கி எறி என்றார்களாம். புயலில் தெளிவு எங்கிருந்து வரும் என்று யாரும் கேட்கவில்லை. இதே ஸ்டீக்லிட்ஸுக்கு ஆறு வருடம் முன்பு லண்டன் பத்திரிகைப் போட்டி ஒன்றில் முதல் பரிசு கொடுத்தவர் பீட்டர் ஹென்றி எமர்சன். இத்தாலியில் ஒரு பெண்ணைச் சுற்றிச் சிறுவர் சிறுமியர் சிரித்துக்கொண்டு நிற்கும் படம் அது. வந்த படங்களிலேயே ஜோடனை இல்லாமல் இயல்பாக நிகழ்ந்ததாகத் தெரிந்தது அது ஒன்றுதான் என்பது எமர்சன் சொன்ன காரணம். அளவுகோலை எடுக்காமல் கண்ணால் பார்த்துச் சொன்ன காரணம். (எமர்சன் சுவாரசியமான பிறவி. புகைப்படக் கலை இப்படித்தான் இருக்க வேண்டும் என்று 1889-இல் அடித்துச் சொல்லி ஒரு புத்தகம் எழுதினார். அது முழுக்கத் தவறு என்று 1891-இல் இரங்கல் அட்டைபோலக் கறுப்புக் கரையிட்ட சிறுவெளியீடு ஒன்றைத் தானே அச்சிட்டு அனுப்பினார்.)

ஜூலியா மார்கரெட் கேமரன் கதை இதைவிட நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில் மகள் பரிசாகக் கொடுத்த கேமராவில் தொடங்கி, கோழிக்கூண்டை ஸ்டூடியோவாக்கி, டென்னிசனையும் டார்வினையும் முகத்துக்கு மிக அருகில் போய் எடுத்தார். படங்கள் மெல்லக் கலங்கி இருக்கும். கண்ணாடித் தகட்டில் கைரேகைகூடத் தெரியும். லண்டன் புகைப்படச் சங்கத்தின் பத்திரிகை அவரை விடவில்லை. கவனக்குறைவு, வேலை தெரியாத்தனம் என்று ஏசியது. ஓவியர் ஜி. எஃப். வாட்ஸ் அவருக்கு நண்பர். அவர் கேமரனுக்கு ஒரு கடிதம் எழுதினார்: அட்டையில் ஒட்டிய விலையுயர்ந்த பிரதிகளை எனக்கு அனுப்பாதே, பழுதுபட்ட பிரதிகளை அனுப்பு, நான் சொல்ல வேண்டியதைச் சொல்ல அவையே போதும் என்பது அதன் சாரம். விற்கவேண்டிய சரக்கைப் பாராட்டுக்காக வீணாக்காதே என்கிற அக்கறையும் அதில் இருக்கிறது. பழுதைத் தாண்டிப் பார்க்கத் தெரிந்தவனின் தைரியமும் இருக்கிறது.

இந்தக் கதைகளை யார் அதிகம் சொல்கிறார்கள் என்று கவனித்தால் வேடிக்கையாக இருக்கும். தங்கள் மங்கலான படத்தை யாரோ குறை சொல்லிவிட்டார்கள் என்று கோபத்தில் இருப்பவர்கள்தான். ஒரு கேமரனுக்கு எதிரே ஆயிரமாயிரம் மங்கலான படங்கள் வெறுமனே மங்கலாக இருந்து மறைந்துபோயின என்பதை அவர்கள் சொல்வதில்லை. குறை சொல்லவே கூடாது என்ற பாடத்தை இந்த வரலாற்றிலிருந்து எடுக்க நான் தயாராக இல்லை. நியூயார்க் நண்பர்களும் லண்டன் சங்கமும் கடுமையாகப் பேசியதில் பிழை இல்லை. பட்டியலை வைத்துக்கொண்டு சரிபார்த்தார்கள், படத்தைப் பார்க்கவில்லை. மொய் வைப்பவரும் பார்ப்பதில்லை என்பதை யோசித்தால், எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் இந்த இருவரும் ஒரே பெஞ்சுக்காரர்கள் என்று தோன்றும்.

சரி, பார்ப்பது என்றால் என்ன? எனக்குத் தெரிந்த ஒரு படத்தை வைத்துச் சொல்கிறேன்.

நண்பர் ஒருவர், வங்கியில் வேலை. விடியுமுன்னே எழுந்து காசிமேடு போய் மீன் ஏலத்தை எடுத்து வந்தார். எங்கள் ஆர்வலர் கூட்டத்தில் சுவரில் பெரிதாகப் போட்டுக் காட்டினார். நீலம் கலந்த வெளிச்சம், வரிசையாகப் படகுகள், ஐஸ் உருகி ஓடும் தரை, நடுவில் கூடையோடு ஒரு பெண். ஒளி பிரமாதம் என்றார்கள். உண்மைதான். என் முறை வந்தபோது, என் கண் எங்கெங்கே போனது என்பதை வரிசையாகச் சொன்னேன். முதலில் வலது கீழ்மூலையில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் கேன். அங்கிருந்து படகுகள். அப்புறம் அந்த அம்மாவின் முதுகு. பிறகு மறுபடியும் மஞ்சள் கேன்.

"அவங்க கோவம் தெரியலையா சார்? விலை கட்டுப்படியாகலைன்னு ஏலக்காரரைப் பிடிச்சு அந்தக் கிழி கிழிச்சாங்க. அதுக்காகத்தானே எடுத்தேன்."

"முகமே படத்துல இல்லையே சார்."

அவர் எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றார். படத்தில் இருந்தது முதுகு; கூடை; தூக்கிச் செருகிய புடவை. முகம் இல்லை. வீட்டில் எத்தனையோ தடவை அந்தப் படத்தைத் திறந்து நிறத்தைச் சரிசெய்திருப்பார். ஒவ்வொரு தடவையும் அந்த முகத்தைப் பார்த்திருக்கிறார். அவருக்கு அது தெரிந்தது, ஏனென்றால் அவர் அங்கே இருந்தார். அந்த அம்மாவின் குரல், மீன் கவிச்சி, காலில் ஏறிய ஐஸ்தண்ணீர் எல்லாம் படத்தைத் திறந்ததும் தாமாக வந்து நிரம்பிக்கொண்டன. மஞ்சள் கேன் மட்டும் வரவில்லை. கோபத்தில் இருக்கும் ஒரு பெண்ணை நேரில் பார்த்தவன் கேனை எதற்குப் பார்க்கப் போகிறான்?

நான் அங்கே இல்லை. அந்தப் படத்தைப் பற்றிப் பேச எனக்கிருக்கும் தகுதி அது ஒன்றுதான். என் அனுபவம், நான் வாங்கிய சான்றிதழ், என்னிடமுள்ள விலையுயர்ந்த லென்ஸ் எதுவும் அதற்கு ஈடாகாது. எடுத்தவருக்குத் தன் படம் கடைசிவரை பாதி ஞாபகம், பாதிதான் படம். இரண்டையும் பிரித்துக் காட்ட அவரால் முடியாது, அவர் எவ்வளவு பெரிய கலைஞராக இருந்தாலும். அமெரிக்கத் தெருக்களை எடுத்துத் தீர்த்த காரி வினோகிராண்டுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. எடுத்த ஃபிலிமை அவர் உடனே கழுவமாட்டார். ஒரு வருடம், அதற்கு மேலும் போட்டுவைப்பார். எடுத்த அன்றைக்கு இருந்த குஷி படத்தின்மேல் ஒட்டிக்கொண்டு ஏமாற்றிவிடும், அது உலர்ந்த பிறகு பார்க்க வேண்டும் என்பது அவர் கணக்கு. 1984-இல் அவர் இறந்தபோது கழுவாத சுருள்கள் மட்டும் ஏறக்குறைய 2,500 இருந்தன. தன் படத்துக்கே தான் அந்நியனாக வேண்டும் என்று ஒரு மனிதன் இவ்வளவு காத்திருந்தான். பக்கத்து நாற்காலியில் இருக்கும் நண்பருக்கோ அந்த அந்நியத்தனம் காத்திருக்காமல், காசில்லாமல் கிடைத்திருக்கிறது. அதைத்தான் "சூப்பர் சார்" என்று வீணடிக்கிறோம்.

போட்டிகளில் இது கிடைக்காதா என்று கேட்கலாம். உலகெங்கும் நடக்கும் சலான் எனப்படும் புகைப்படப் போட்டிகளில் படங்கள் ஆயிரக்கணக்கில் வரும். நடுவர்கள் மூவர் வரிசையாக உட்கார்ந்து, திரையில் படம் வந்ததும் ஆளுக்கொரு பொத்தானை அழுத்துவார்கள், கூட்டுத்தொகை வரும், அடுத்த படம். அந்த முறைக்கு அதன் நியாயம் உண்டு. பட்டங்களும் பதக்கங்களும் கிடைக்கும். மஞ்சள் கேனைப் பற்றி ஒரு தகவலும் கிடைக்காது.

ஆகவே சக ஆர்வலரின் படத்தைப் பார்க்கும்போது முதலில் செய்ய வேண்டியது வாயை மூடிக்கொண்டு பார்ப்பது. அமெரிக்க ஆசிரியர் மைனர் ஒயிட் தம் மாணவர்களை ஒரு படத்தின்முன் அசையாமல் உட்காரவைத்து நெடுநேரம் பார்க்கச் சொல்வார். நம் கூட்டங்களில் அவ்வளவு நடக்காது. யாராவது டீ கொண்டுவந்துவிடுவார்கள். ஒரு நிமிடம் பார்த்தால்கூடப் போதும். பிறகு கண் போன பாதையைச் சொல்ல வேண்டும். எங்கே நுழைந்தது, எங்கே தங்கியது, எங்கே வழி தெரியாமல் வெளியேறியது. எதைப் பற்றிய படம் என்று நினைத்தேன் என்பதைச் சொல்லலாம், தப்பாக இருந்தாலும். தப்பாக இருந்தால் இன்னும் நல்லது. தான் சொல்ல வந்தது போய்ச் சேரவில்லை என்று எடுத்தவருக்குத் தெரியும். நல்லதையும் இப்படியேதான் சொல்ல வேண்டும். "அருமை" என்பதைவிட "கதவிடுக்குல இருந்த அந்தக் குழந்தையோட கால்விரலை விட்டு என் கண்ணு நகரவே இல்லை" என்பது பத்து மடங்கு பாராட்டு. கேட்டவர் அன்றிரவு தூங்கமாட்டார்.

எடுத்தவருக்கும் ஒரு கடமை உண்டு. அவர் பேசக் கூடாது. இதுதான் நம்மவர்களுக்கு முடியாத காரியம். படம் திரையில் விழுமுன்னே "அன்னைக்குச் செம மழை சார், நான் என்ன பண்ணேன்னா..." என்று ஆரம்பித்துவிடுவோம். கதையைக் கேட்டவன் அங்கே போய்விட்டவன். அவன் கண் இனிப் பயன்படாது. அவனும் மழையைப் பார்க்கத் தொடங்கிவிடுவான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நீண்ட நாளாக உறுத்துவது. ஒரு பெண் படம் காட்டினால் பல ஆண்கள் அதைப் பார்ப்பதே இல்லை. உடனே அப்பர்ச்சர் என்றால் என்ன என்று விளக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். அந்தப் பெண் அவர்களைவிடக் கூடுதலாக எடுத்தவராக இருப்பார். அவரும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார்.

பார்த்ததைச் சொல்வது என்பது சாந்தமான, யாரையும் நோகடிக்காத உத்தி என்று இதுவரை படித்ததில் தோன்றியிருக்கலாம். அப்படி இல்லை. சித்திரை மாதம் கூவாகத்தில் கூத்தாண்டவர் திருவிழா. முதல்நாள் கூத்தாண்டவராகிய அரவானுக்கு மனைவியராகத் தாலி கட்டிக்கொண்ட திருநங்கைகள், மறுநாள் அரவான் களப்பலியானதும் தாலியறுத்து ஒப்பாரி வைப்பார்கள். அவர்களைச் சுற்றி ஒரு கேமராப் பட்டாளம் நிற்கும். சில சமயம் அழுபவர்களைவிட எடுப்பவர்கள் அதிகம். அங்கே எடுத்த படம் ஒன்றைக் கூட்டத்தில் காட்டினார்கள். அழுது வீங்கிய முகம், உடைந்த வளையல், கேமராவை நோக்கி நீண்டிருக்கும் ஒரு கை. பின்னணி கலங்கி இருப்பதைப் பாராட்டினார்கள். கை அருமையான லீடிங் லைனாக அமைந்து கண்ணை முகத்துக்குக் கூட்டிப்போகிறது என்றார் ஒருவர். கடைசி வரிசையில் இருந்த கல்லூரி மாணவி ஒருத்தி, அன்றுதான் முதல்முறை வந்திருந்தவள், சொன்னாள்: "அவங்க எடுக்க வேணாம்னு கையைக் காட்டுறாங்க."

அறையில் இருந்த எல்லோருடைய கண்முன்னாலும் அந்தக் கை இருந்தது. அதைக் கோடாகப் பார்க்கப் பழகியிருந்தோம். பிறகு பெரிய வாக்குவாதம் நடந்தது. பொது இடம்தானே, திருவிழாதானே, அவர்கள் வழக்கமாகப் போஸ் கொடுப்பவர்கள்தானே என்றெல்லாம். எடுத்தவருக்குக் கோபம். ஆனாலும் அன்றைய கூட்டத்தில் அந்தப் படத்தைப் பார்த்த ஒரே ஆள் அந்தப் பெண்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நாமும் எடுத்தவரும் பேசிக்கொண்டிருக்கும்போது, கருத்துக் கேட்கப்படாத மூன்றாவது ஆள் ஒருவர் எப்போதும் படத்துக்குள் இருக்கிறார். சுருக்கம் விழுந்த முகம் கிடைத்தது என்று நாம் கறுப்புவெள்ளையில் மாட்டிவைக்கும் கிழவர்களுக்குப் பெயர் உண்டா என்று யாராவது கேட்டிருக்கிறோமா? கேமரன் 1875-இல் கணவரோடு இலங்கைக்குக் குடிபோனார். அவர்களுக்கு அங்கே காப்பித் தோட்டங்கள் இருந்தன. தோட்டத்து ஆட்களையும் களுத்துறைக்காரர்களையும் எடுத்தார். 1879-இல் அங்கேயே இறந்து பொகவந்தலாவையில் அடக்கமானார். இங்கிலாந்தில் எடுத்த முகங்களுக்கு டென்னிசன், ஹெர்ஷல், டார்வின் என்று பெயர் இருக்கிறது. இலங்கையில் எடுத்த முகங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் இல்லை. ஒரு படத்தின் தலைப்பே 'களுத்துறைக் குடியானவர்கள்' என்பதுதான். கண்ணில் அத்தனை உயிரோடு பார்க்கும் அந்த மனிதர்கள் யார் என்று அவர் நண்பர்களில் ஒருவராவது கடிதம் போட்டுக் கேட்டிருக்கலாம்.

இப்படிப் பார்த்துச் சொல்லிப் பழகியவருக்குக் கிடைக்கும் கூலி தாமதமாகத்தான் வரும். அடுத்தவர் படத்தில் மஞ்சள் கேனைக் கண்டுபிடித்த கண், நாளடைவில் தன் வ்யூஃபைண்டரின் மூலைகளையும் பார்க்கத் தொடங்குகிறது. நீட்டிய கையைக் கை என்று ஒருமுறை கேட்டுவிட்ட கூட்டத்தில் சிலர், அப்படியொரு கை உயரும்போது கேமராவை இறக்கத் தொடங்கியிருக்கிறார்கள். எல்லோரும் இல்லை. அந்தக் கூவாகம் படத்தை எடுத்தவர் இன்றும் அதைப் போட்டிகளுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார், பரிசும் வருகிறது.

இந்த வாரம் யாராவது உங்களிடம் படம் காட்ட வந்தால், கதையைக் கொஞ்சம் நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். பதக்கம் வாங்கிய படம் வேண்டாம், சந்தேகமாக இருப்பதைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு நிமிடம் பாருங்கள். என்ன தெரிகிறதோ அதைச் சொல்லுங்கள். எங்கே எடுத்தது, யார் அவர்கள், மழை எப்படிப் பெய்தது என்பதையெல்லாம் அதற்குப் பிறகு டீ குடித்துக்கொண்டே கேட்டுக்கொள்ளலாம்.